அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர்

சர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் (மே 14, 1883 – அக்டோபர் 3, 1953) சென்னையில் வாழ்ந்த புகழ் பெற்ற வழக்கறிஞரும் அரசியலமைப்புச் சட்ட அறிஞரும் ஆவார். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றினார். இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும், அம்பேத்கர் தலைமையில் அமைந்த எழுவர் வரைவுக் குழுவில் ஒருவராகவும் இருந்து இந்திய அரசியலமைப்பை உருவாக்குவதில் பெரும் பங்காற்றினார். ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளையும் ஆழமாகக் கற்றிருந்த இவர், அவற்றில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதில் சபைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் எனலாம்.

பிறப்பும் கல்வியும்

அல்லாடி அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உள்ள புதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஏகாம்ர சாஸ்திரி வைதீகத் தொழில் செய்தவர். செல்வ வளமில்லாத குடும்பம். 1899 இல் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறிய அல்லாடி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்றார். பின்னர் சட்டம் பயின்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். வரலாற்று மாணவராக இருந்தது பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது. ஒரு சட்டச் சொற்றொடரை எடுத்துக் கொண்டால், அது எந்த நாட்டில் எந்தச் சூழலில் தோன்றியது என்பதிலிருந்து தொடங்குவது அவரது வாதத்தின் இயல்பாக இருந்தது.

வழக்கறிஞர் பணி

சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னணி வழக்கறிஞராக உயர்ந்த அல்லாடி, 1929 இல் மாகாண அரசுத் தலைமை வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். நீதிக்கட்சி ஆட்சி, 1937 இல் இராஜகோபாலாச்சாரி தலைமையில் அமைந்த காங்கிரசு ஆட்சி, அதன் பின் ஆளுநரின் நேரடி ஆட்சி என மூன்று வகை ஆட்சிகளிலும் அவரே தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1932 ஆம் ஆண்டின் இந்தியப் பங்காண்மைச் சட்டத்தை ஆராய்ந்த சிறப்புக் குழுவில் பி. எல். மிட்டர், டி. எப். முல்லா ஆகியோருடன் இவரும் இடம் பெற்றார். வணிகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் சட்டம் அது. 1930 இல் திவான் பகதூர் பட்டமும், 1932 இல் சர் பட்டமும் பெற்றார்.

இவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர் அல்லர். சிறை சென்றவரும் அல்லர். ஆங்கில அரசின் சட்ட அதிகாரியாகப் பணிபுரிந்து பட்டங்களும் பெற்றவர். எனினும் 1946 இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தபோது, கட்சிக்கு வெளியே இருந்த சட்ட வல்லுநர்களும் சபையில் இடம் பெற வேண்டும் எனக் காங்கிரசுத் தலைமை விரும்பியது. அவ்வாறு சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அல்லாடியும் ஒருவர்.

அரசியல் நிர்ணய சபையில்

அடிப்படை உரிமைகள் துணைக்குழு, ஒன்றிய அரசியலமைப்புக் குழு, ஒன்றிய அதிகாரங்கள் குழு, உச்ச நீதிமன்றம் பற்றிய தனிக்குழு, குடியுரிமை பற்றிய தனிக்குழு எனப் பல குழுக்களில் அல்லாடி பணியாற்றினார். 1947 ஆகத்து 29 அன்று வரைவுக் குழு அமைக்கப்பட்டபோது அம்பேத்கர், என். கோபாலசாமி ஐயங்கார், கே. எம். முன்ஷி, முகமது சாதுல்லா, பி. எல். மிட்டர், டி. பி. கைத்தான் ஆகியோருடன் அதிலும் இடம் பெற்றார். மிட்டருக்குப் பின் என். மாதவ ராவும், கைத்தான் மறைந்த பின் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் வந்தனர். ஆக, இக்குழுவில் பணிபுரிந்தவர்களுள் அல்லாடி, கோபாலசாமி ஐயங்கார், கிருஷ்ணமாச்சாரி ஆகிய மூவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

அப்போது அறுபது வயதைக் கடந்திருந்த அல்லாடிக்கு உடல்நலம் குன்றியிருந்தது. அரசியலமைப்பு ஆலோசகரான பி. என். ராவ் எழுதி அனுப்பிய குறிப்புகளுக்கு விரிவான பதில்கள் எழுதுவதும், சபையில் சிக்கலான பிரிவுகள் விவாதத்துக்கு வரும்போது எழுந்து விளக்குவதும் அவரது பணியின் பெரும் பகுதியாக இருந்தன. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் அம்பேத்கர், வரைவுக் குழுவில் தம்மினும் தகுதி மிக்கவர்கள் இருந்தனர் என்று கூறி, எடுத்துக்காட்டாக அல்லாடியின் பெயரையே குறிப்பிட்டார்.

அமெரிக்க அமைப்பு: பின்னணி

அல்லாடியின் பங்களிப்பை விளங்கிக் கொள்ள அமெரிக்க அமைப்பைப் பற்றிச் சிறிது அறிவது அவசியமாகும். 1776 இல் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை அறிவித்த பதின்மூன்று குடியேற்றங்களும் முதலில் ஒரு தளர்வான கூட்டமைப்பாகவே இயங்கின. அந்தக் கூட்டமைப்புக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. தன் முடிவுகளை நடைமுறைப்படுத்தும் வலிமையும் இல்லை. இக்குறையைக் களைய 1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் கூடிய பேராளர்கள் புதியதோர் அரசியலமைப்பை எழுதினர். மன்னராட்சியைக் கண்டு அஞ்சியவர்கள் அவர்கள். கட்டுப்பாடற்ற பெரும்பான்மையைக் கண்டும் அஞ்சினர். ஆகவே சட்டம் இயற்றும் அதிகாரம், நிருவாக அதிகாரம், நீதி அதிகாரம் மூன்றையும் தனித்தனி அமைப்புகளிடம் ஒப்படைத்து, ஒவ்வொன்றும் மற்றதைத் தடுத்து நிறுத்தக் கூடியதாக அமைத்தனர். குடியரசுத் தலைவர் சட்டமன்றத்துக்குப் பொறுப்பானவர் அல்லர். அமைச்சர்கள் சட்டமன்றத்தில் அமர்வதில்லை. நடுவண் அரசுக்கு எழுதிக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை. 1791 இல் உரிமைகள் பட்டியல் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது 1803 இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

எழுதப்பட்ட அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள், கூட்டாட்சி, நீதிமன்ற மேலாய்வு ஆகிய நான்கையும் இந்தியா ஏற்றது. சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பு என்னும் 14 ஆவது பிரிவின் தொடர் 1868 ஆம் ஆண்டின் அமெரிக்கத் திருத்தத்திலிருந்து வந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் ஏற்கும்போது அல்லாடி ஒரு எல்லைக்கோடு வரைய விரும்பினார். அக்கோடுகள் எல்லாம் சரியாகவே அமைந்தன என்று கூற முடியாது.

குடியரசுத் தலைவரா, அமைச்சரவையா?

பேராசிரியர் கே. டி. ஷா போன்ற சில உறுப்பினர்கள் அமெரிக்க முறையில் அதிகாரங்களை முழுமையாகப் பிரிக்க வேண்டும் என வலியுறுத்தினர். அல்லாடி இதை எதிர்த்தார். அமெரிக்க முறையில் நிருவாகமும் சட்டமன்றமும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் முட்டிக் கொண்டு நிற்கலாம். பிறந்து சில நாளே ஆன ஒரு மக்களாட்சி அத்தகைய ஓயாத பூசலைத் தாங்காது என்பது அவரது வாதம். இரண்டும் இணைந்து செல்லும் அமைச்சரவை முறையே ஏற்றது, மாகாணங்களில் அதனை நடத்திய பழக்கமும் நமக்கு உண்டு என்றார்.

இக்கேள்வி அத்துடன் ஓயவில்லை. இந்தியாவின் குடியரசுத் தலைவர் அமைச்சர்களின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்று அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை, மரபாக விடப்பட்டது. 1951 செப்டம்பரில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா தொடர்பாகக் கருத்து வேறுபாடு எழுந்தபோது, குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத், மசோதாக்களின் மீது தம் சொந்த அறிவின்படி முடிவெடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று பிரதமர் நேருவுக்கு எழுதினார். பிரசாத் தாமே அரசியல் நிர்ணய சபைக்குத் தலைமை தாங்கியவர். தமிழகத்துக்கும் புதியவர் அல்லர். 1938 ஆகத்தில் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சில நாட்கள் தங்கிச் சென்றவர். அத்தகையவர் எழுப்பிய ஐயத்தைப் புறந்தள்ள இயலாமல், நேரு இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் எம். சி. செதல்வாடிடமும் அல்லாடியிடமும் கருத்துக் கேட்டார். இருவரும் ஒரே முடிவைத் தெரிவித்தனர்: குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும், இல்லையேல் பொறுப்பாட்சி என்பதே பொருளற்றுப் போகும். பின்னாளில் உச்ச நீதிமன்றம் 1974 இல் சம்சேர் சிங் வழக்கில் இதே நிலையை உறுதி செய்தது. 1976 இல் 42 ஆவது திருத்தத்தின் மூலம் இது எழுத்திலும் சேர்க்கப்பட்டது.

உரிய சட்ட நெறிமுறை பற்றிய விவாதம்

அல்லாடியின் வாழ்வில் மிகுதியாக விவாதிக்கப்படும் பகுதி இதுவே. அமெரிக்க அரசியலமைப்பின் 5 ஆவது, 14 ஆவது திருத்தங்கள், உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது என்கின்றன. இத்தொடர் பார்வைக்கு எளியது. ஆனால் "உரிய" என்பதை முடிவு செய்பவர் யார்? நெறிமுறை மட்டுமல்ல, சட்டத்தின் உள்ளடக்கமே நியாயமானதா என்று ஆராயும் அதிகாரமும் தமக்கு உண்டு என அமெரிக்க நீதிபதிகள் பொருள் கொண்டனர். 1905 இல் லாக்னர் வழக்கில், அடுமனைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டம் ஒப்பந்தச் சுதந்திரத்தில் தலையிடுகிறது என்று கூறிச் செல்லாததாக்கப்பட்டது. 1923 இல் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவ்வாறே வீழ்ந்தது. 1937 இல்தான் அந்நீதிமன்றம் தன் போக்கை மாற்றிக் கொண்டது.

நிலச் சீர்திருத்தத்தையும் தொழிலாளர் சட்டங்களையும் எதிர்நோக்கியிருந்த இந்தியத் தலைவர்களுக்கு இவ்வரலாறு அச்சமூட்டியது. 1947 ஏப்ரலில் சபை ஏற்ற முதல் வடிவத்தில், உடைமை நீக்கப்பட்டாலும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிய சட்ட நெறிமுறை என்ற பாதுகாப்பு இருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பி. என். ராவ் அமெரிக்கா சென்று உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் சட்டத்தைச் சில நீதிபதிகள் தடுப்பது மக்களாட்சிக்கு ஏற்றதன்று. நீதிபதிகளுக்கும் அது சுமை என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. பின்னர் வரைவுக் குழு அத்தொடரை நீக்கி, சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை என்ற தொடரை இட்டது. இது 1946 ஆம் ஆண்டின் சப்பானிய அரசியலமைப்பைத் தழுவியதாகும்.

1948 டிசம்பர் 6 அன்று சபையில் இம்மாற்றத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட அனுபவம் உறுப்பினர்கள் பலருக்கு இருந்தது. சட்டமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்தாலும் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்றால் அது அடிப்படை உரிமை ஆகுமா என அவர்கள் கேட்டனர். அல்லாடி வரைவை ஆதரித்துப் பேசினார். அமெரிக்க நீதிமன்றமே காலத்துக்கு ஒரு பொருள் கூறி வந்திருக்கிறது, நீதிபதிகளின் பொருளாதாரக் கொள்கை சட்டமாகிவிடும் ஆபத்து உண்டு என்பதைத் தீர்ப்புகளைச் சுட்டி விளக்கினார். டிசம்பர் 13 அன்று பேசிய அம்பேத்கர், இரு பக்கமும் ஆபத்து உண்டு என்று கூறி முடிவைச் சபையிடமே விட்டார். வரைவு நிறைவேறியது. அந்த மனக்குறையைச் சரிக்கட்டவே 1949 செப்டம்பரில் கைது, தடுப்புக் காவல் பற்றிய 22 ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். சென்னை வழக்கறிஞர் எம். கே. நம்பியார் அவருக்காக வாதிட்டார். 1950 மே 19 அன்று வெளியான தீர்ப்பில், தடுப்புக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவு மட்டும் செல்லாதது என்றது நீதிமன்றம். சட்டம் நியாயமானதா என ஆராயும் அமெரிக்க முறை இந்தியாவுக்குப் பொருந்தாது என்றும், அத்தொடர் வேண்டுமென்றே விலக்கப்பட்டது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். கோபாலன் காவலிலேயே தொடர்ந்தார். நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டார். அவரது பார்வைக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர 1978 ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு வரை ஆயிற்று. நெறிமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. தொழிலாளர் சட்டங்களைக் காக்க எழுப்பிய வேலி, விசாரணையின்றிச் சிறையிடப்பட்டவனுக்கு எதிராகவும் நின்றது என்பதே அல்லாடியின் நிலைப்பாட்டின் மீது வைக்கப்படும் முக்கியக் குறை. இது நியாயமான குறைதான்.

சமயமும் சீர்திருத்தமும்

வைதீகக் குடும்பத்தில் பிறந்தவராயினும், சமய உரிமை சமூகச் சீர்திருத்தத்துக்குத் தடையாகிவிடக் கூடாது என்பதில் அல்லாடி கவனமாக இருந்தார். 1947 இல் அடிப்படை உரிமைகள் துணைக்குழு, சமயத்தைப் பின்பற்றும் உரிமையை வரம்பின்றி எழுத முற்பட்டது. தேவதாசி முறை, பர்தா போன்றவற்றை ஒழிக்கும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போகலாம் என இராஜகுமாரி அம்ரித் கௌர் எதிர்ப்புத் தெரிவித்தபோது அல்லாடி அவருடன் நின்றார். சமூக நலச் சட்டங்களுக்கும் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடுவதற்கும் இடமளிக்கும் 25 ஆவது பிரிவின் விதிவிலக்கு பின்னர் உருவானது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் கோயில் நுழைவுச் சட்டமும் சென்னை மாகாணத்தில் அதே 1947 ஆம் ஆண்டில்தான் நிறைவேறின.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பதையும் அவர் வரவேற்றார். மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவற்றவர்களாக இருந்தும், எளிய மனிதனின் மீது நம்பிக்கை வைத்துச் சபை இம்முடிவை எடுத்தது என 1949 நவம்பர் 23 அன்று ஆற்றிய உரையில் பாராட்டினார். நீதித்துறைச் சுதந்திரம் தேவை எனினும், நீதிமன்றம் சட்டமன்றத்துக்கு மேலான மற்றொரு சட்டமன்றமாகிவிடக் கூடாது என்றும் அதே உரையில் எச்சரித்தார்.

வகுப்புவாரி அரசாணை வழக்கு

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே அல்லாடி அதனை எடுத்துக் கொண்டு தம் மாநில அரசுக்கு எதிராக நீதிமன்றம் ஏறினார். சென்னையில் 1928 முதல் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி அரசாணை முறை கல்லூரி இடங்களுக்கும் பின்பற்றப்பட்டது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முசுலிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. இதை எதிர்த்து மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராசனும், பொறியியல் கல்லூரி தொடர்பாகச் சீனிவாசனும் தொடுத்த வழக்கில் அல்லாடி மனுதாரர் தரப்பில் முன்னிலையானார். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது பின்னர் பெரிதும் பேசப்பட்டது.

அரசுப் பணியில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடமொதுக்க 16(4) பிரிவு வழி செய்திருந்தது. ஆனால் கல்வி நிலையச் சேர்க்கை பற்றிய 29(2) பிரிவில் அத்தகைய விதிவிலக்கு இல்லை. இந்த இடைவெளியே வழக்கின் அச்சாக அமைந்தது. 1950 சூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தன. தமிழகத்தில் பெரியார் தலைமையில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அரசியலமைப்பை எழுதியவரே வகுப்புரிமைக்கு எதிராக வாதாடியது கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. இன்றளவும் தமிழக இட ஒதுக்கீட்டு வரலாற்றில் அல்லாடியின் பெயர் இவ்வழக்கின் வழியாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. 1951 சூனில் நிறைவேறிய முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தது. அமெரிக்காவில் திருத்தம் நிறைவேற இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கும், பின்னர் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் இசைய வேண்டும். இந்தியாவில் அக்கடுமை தவிர்க்கப்பட்டிருந்ததால், தீர்ப்பு வந்து மூன்று மாதங்களுக்குள் திருத்தம் நிறைவேற முடிந்தது.

மறைவும் குடும்பமும்

அல்லாடி 1953 அக்டோபர் 3 அன்று காலமானார். அதற்கு இரு நாட்களுக்கு முன், அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலம் உருவாகி அவர் பிறந்த நெல்லூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து சென்றிருந்தது.

அவரது மகன்களுள் அல்லாடி குப்புசுவாமி ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். மற்றொரு மகன் அல்லாடி இராமகிருஷ்ணன் இயற்பியல் அறிஞர். மயிலாப்பூர் லஸ் பகுதியில், அல்லாடி தம் தந்தையின் பெயரால் அமைத்த ஏகாம்ர நிவாசம் என்னும் இல்லத்தில் இராமகிருஷ்ணன் நடத்தி வந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு, 1962 சனவரியில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது.